தொடக்கநிலைப் பயனர்களுக்கான மென்பொருள் உதவி

தொடக்கநிலைப் பயனர்களுக்கான மென்பொருள் உதவி என்பது, கணினியின் அடிப்படைகளை அறியாத ஒருவர் மென்பொருளைப் பயன்படுத்துகையில் எழுப்பும் கேள்விகளை, அவரைச் சிறுமைப்படுத்தாமல் கேட்டறிந்து தீர்த்துவைக்கும் பணியாகும். இது பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே நடைபெறுகிறது.

பின்னணி

"கையேட்டைப் படி" என்று கடிந்துரைப்பது மென்பொருள் வல்லுநரிடையே நெடுங்கால வழக்கம். எரிக் ரேமண்ட், ரிக் மோயன் ஆகியோர் 2001-இல் எழுதிய புகழ்பெற்ற வழிகாட்டி, கேட்பவர் தாமே முயன்று பார்த்துவிட்டு வரவேண்டும் என வலியுறுத்தியது. நிரலாளருக்குப் பொருந்தும் இவ்விதி, கடை நடத்துபவருக்குப் பொருந்துவதில்லை.

ஒன்றை நன்கறிந்தவர் அதை அறியாதவரின் நிலையை உணர இயலாமை "அறிவின் சாபம்" எனப்படும். 1990-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் நடத்திய சோதனையில், சிலர் பாடல்களின் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டினர். பாதியளவாவது கண்டுபிடிக்கப்படும் என அவர்கள் எதிர்பார்த்தனர்; ஆனால் 120-இல் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தொலைபேசியில் "அந்தச் சாளரத்தை மூடுங்கள்" என்பதும் பலருக்கு வெறும் தட்டலோசையே.

காதர்பேட்டைச் சூழல்

திருப்பூர் தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டை, பனியன், உள்ளாடை, ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகள் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற சந்தை. 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், இத்தகைய சந்தைகளின் வணிகர்களுக்கு டேலி போன்ற கணக்கியல் மென்பொருட்கள் இன்றியமையாதவை ஆயின.

இங்கு அறியாமை ஒருபக்கமானது அன்று. பின்னலாடைக்கும் நெசவாடைக்கும் உள்ள வேறுபாட்டை வணிகர் தொட்டே கூறுவார். வரி அட்டவணையில் அவை முறையே 61, 62 ஆம் அத்தியாயங்களில் வருவதே அவர் அறியாதது. துணி கிலோவில் வாங்கப்பட்டு, ஆடை டஜனில் விற்கப்படுகிறது. 10 டஜன் என்பதை 10 உருப்படி எனப் பதிந்தால், இருப்பில் 110 வேறுபடும். "கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறது" என்ற முறையீட்டின் பின்னே இவ்வளவே இருக்கக்கூடும். 2025 செப்டம்பர் 22 முதல், உருப்படி ஒன்றுக்கு 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைகளுக்கு 5 விழுக்காடும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடும் வரி விதிக்கப்படுகிறது. அதற்கு முன் எல்லை 1,000 ரூபாயாக இருந்தது. பழைய அமைப்பை மாற்றாத கணினி பழைய வரியையே பில்லில் அச்சிடும்.

மாத விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-க்குள் தாக்கல் செய்யவேண்டும். வாங்கியவரின் 15 இலக்கப் பதிவெண்ணுக்கு மாறாக வேறொருவரின் எண் பதிவானால், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. ஏளனத்துக்கு அஞ்சிக் கேளாமல் விடப்படும் கேள்வி இவ்வாறு பண இழப்பாகவும், சிலவேளை வாடிக்கையாளர் இழப்பாகவும் முடியும்.

உதவும் முறை

"என்ன செய்தீர்கள்?" என்பது குற்றச்சாட்டாக ஒலித்து, நடந்ததை மறைக்கத் தூண்டும். "திரையில் இப்போது என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டுப் படிக்கச் செய்வதே பயன்தரும். ஒருமுறைக்கு ஒரு படி மட்டும் கூறவேண்டும். "வவுச்சர்" என்பதைவிடப் பயனர் வழங்கும் "பில்" என்ற சொல்லே மேல். கொங்கு வழக்கில் "சொல்லுங்க" என்ற மரியாதை இயல்பாகவே வந்துவிடும். அவசரத்தை அடக்குவதுதான் அரிது.

தொலைவிலிருந்து பயனரின் கணினியை இயக்கிச் சரிசெய்வது விரைவானது. ஆனால் பயனர் ஏதும் கற்பதில்லை, மறுநாள் அதே அழைப்பு வரும். அவ்வாறு இயக்க நேர்ந்தால் முதலில் கணக்குத் தரவுக்குக் காப்புப்படி எடுக்கவேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறாமல், பயனரையே தட்டச்சிடச் செய்யவேண்டும்.