பூவாறு முதல் மண்டைக்காடு வரை: அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை மதிப்பிடும் முறை

தென்திருவிதாங்கூர்க் கடற்கரையை ஒட்டி வெட்டப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் ஒரு தோல்வித் திட்டமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் இறுதி ஆட்சியாண்டான 1860இல் தொடங்கிய இப்பணி, திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு நீர்வழியால் இணைக்கும் நோக்குடையது. ஆனால் கால்வாய் மண்டைக்காட்டைத் தாண்டவில்லை. எட்டாத ஊரைக் கொண்டு ஒரு நீர்வழியை மதிப்பிடுவது திட்டம் தீட்டியவர்களின் அளவுகோல். அதன் கரையில் வாழ்ந்தவர்களின் அளவுகோல் அன்று. இக்கால்வாய் தனித்தனித் துண்டுகளாகவே இயங்கத்தக்கது, துண்டுகளாகவே பயன்பட்டது, இன்றும் அவ்வாறே பேணப்பட வேண்டியது என்பதே இங்கு நான் நிறுவ முயல்வது.

இதற்கு முதற்சான்று நிலமே. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கால்வாய் வெட்டியவர்களுக்குக் காயல்கள் துணைநின்றன. பார்வதி புத்தனாறு போன்ற வெட்டுகள் ஏற்கெனவே இருந்த நீர்ப்பரப்புகளை இணைத்தால் போதும். வர்க்கலைக் குன்று மட்டுமே சுரங்கவழி கேட்ட பெருந்தடை. பூவாற்றுக்குத் தெற்கே அத்தகைய காயல் தொடர் இல்லை. நெய்யாறு கடல்சேரும் பூவாறு, குழித்துறைத் தாமிரபரணி கடல்சேரும் தேங்காய்ப்பட்டணம் ஆகிய இரு பொழிமுகங்களே மேற்குப் பகுதிக்கு நீர் தருவன. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் பொழியைத் திறக்கும். வெள்ளம் வடிந்தபின் அலை மணலைக் குவித்து அதை அடைக்கும். ஆகவே கால்வாயின் நீர்மட்டமும் உவர்ப்பும் பருவந்தோறும் மாறின. இரு முனையிலும் ஆறு வாய்த்த பூவாறு–தேங்காய்ப்பட்டணப் பகுதி தாக்குப்பிடித்ததும், மணற்பாங்கான நிலத்தில் கிழக்கே நீண்ட குளச்சல், மண்டைக்காட்டுப் பகுதி தூர்ந்ததும் இந்த அமைப்பின் விளைவுகள் என்று கொள்வதே பொருந்தும். 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டம் 13ஆம் எண் நீர்வழியாக ஏற்றது பூவாற்றிலிருந்து இரையுமன்துறை வரையிலான 11 கிலோமீட்டரை மட்டுமே. நிலம் முன்பே வகுத்த எல்லையைத்தான் சட்டம் பின்னர் எழுதியது.

அத்துண்டுகளில் நடந்த பயன்பாடு சிறியதன்று. வள்ளங்கள் தேங்காயும் கருவாடும் கதம்பையும் (தேங்காய் மட்டையும்) ஏற்றிச் சென்றன. கதம்பை மாதக்கணக்கில் உவர்நீரில் ஊற வேண்டும். நீரோட்டம் குறைந்த கால்வாய் அதற்கு இடமளித்தது. கதம்பை ஊறல் நீரைக் கெடுத்தது, வள்ளப் போக்கைத் தடுத்தது என மறுக்கலாம். நீர் கெட்டது மெய். ஆயினும், படகுக்காக வெட்டியதைப் படகுக்கு மட்டுமே உரியதென்று வைத்துப் பேணுவோர் இல்லாத நிலையில், கரையோர ஏழைகளின் கயிற்றுத் தொழிலே அதற்கு ஒரு பயனைத் தந்துகொண்டிருந்தது. தூர் சேர்ந்ததற்கு ஊறலை மட்டும் பொறுப்பாக்குவது, பொழி மணலையும், சாலைப் போக்குவரத்து வந்தபின் அற்றுப்போன தூர்வாரலையும், 1956இல் மாநில எல்லை கால்வாயை இரு நிர்வாகங்களாகப் பிரித்ததையும் மறைத்துவிடும்.

இதனினும் கடுமையான மறுப்பு 2004 டிசம்பர் 26ஆம் நாளிலிருந்து வருகிறது. ஆழிப்பேரலைக்கு அஞ்சி ஓடியவர்கள் குளச்சல், கொட்டில்பாடு பகுதியில் இக்கால்வாயில் சிக்கி மாண்டனர். கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே வாழ்வோருக்கு அது அகழியாக நின்றது. இதை எந்த மரபுரிமைப் பேச்சும் மழுப்பக் கூடாது. ஆனால் இது கால்வாயை மூடிவிடுவதற்கான வாதம் ஆகாது. மூடினால் மழைநீர் வடிய வழியின்றி அதே குடியிருப்புகள் மூழ்கும். கடக்கப் போதிய பாலங்கள் இல்லாமையே உயிர்களை வாங்கியது. எனவே புதுப்பிப்புக்கு ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு கிழக்குத் துண்டின் பாலங்களுக்கும் வடிகாலுக்கும் செல்ல வேண்டும். படகுவழிக்கான தூர்வாரல் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட மேற்குத் துண்டோடு நிற்கலாம். கன்னியாகுமரி வரை நீட்டும் பழைய கனவுக்குச் செலவிட அங்கே நீரும் இல்லை, தேவையும் இல்லை.