புரதத்தை உடைக்கும் நொதியங்கள்: பப்பாசிப் பாலிலிருந்து இருதயக் குளிகை வரை

முற்றிய ஆட்டிறைச்சி இலகுவில் வேகாது என்று கண்டால் பப்பாசிக் காயின் துண்டொன்றைக் கறிச்சட்டியில் இடுவது எமது சமையலறைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். காயிலுள்ள பால் இறைச்சியின் புரதத்தைச் சிதைத்து அதனை மென்மையாக்கிவிடுகிறது. அந்தப் பாலில் இவ்வேலையைச் செய்யும் பொருளை 1879 ஆம் ஆண்டில் ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானிகளான வூர்ட்ஸ், பூஷூ ஆகிய இருவரும் அதற்கு 'பப்பேயின்' என்று பெயர் சூட்டினர். இரண்டாவது உலக யுத்தத்திற்கு முன்னர் உலர்த்திய பப்பாசிப் பாலை உலகச் சந்தைக்கு அனுப்பிவந்த முக்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இறைச்சியைப் பதப்படுத்தவும், குளிரூட்டும்போது பியர் கலங்காதிருக்கவும் அது பயன்பட்டது. பின்னர் அந்த வர்த்தகம் பெருமளவில் ஆபிரிக்காவின் கைக்குச் சென்றது.

அந்தப் பப்பேயினும் அதன் உறவு முறையான பொருட்களும் இன்று போத்தல்களில் அடைக்கப்பட்டு, அழற்சியைத் தணிப்பவை, குருதியுறைவைக் கரைப்பவை, இருதயத்தைக் காப்பவை என்ற விளம்பரங்களுடன் உலகெங்கும் விற்பனையாகின்றன. மேற்கு நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களின் பயணப் பொதிகளிலும் இவற்றைக் காணலாம். நாட்டோகைனேஸ் சிறந்ததா, செராபெப்டேஸ் சிறந்ததா, புரோமிலெயின் சிறந்ததா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இவை எங்கிருந்து வந்தன, எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதை அறியாமல் அதற்கு விடை கூற முடியாது.

ஆரம்ப காலம்

புரதத்தை உடைக்கும் நொதியங்களின் வரலாறு இரைப்பையில் ஆரம்பிக்கிறது. 1836 இல் ஜேர்மனியரான தியோடோர் ஷ்வான் இரைப்பைச் சாற்றிலிருந்து பெப்சினைப் பிரித்தறிந்தார். 1870 களில் வில்ஹெல்ம் கூனே கணையச் சாற்றிலுள்ள நொதியத்திற்குத் 'திரிப்சின்' என்று பெயரிட்டார். 'என்சைம்' என்ற சொல்லை ஆக்கியவரும் அவரே. 1891 இல் வெனிசுவேலா நாட்டு இரசாயன அறிஞர் விசென்டே மார்க்கானோ அன்னாசிப் பழத்தில் இதே ஆற்றல் கொண்ட பொருளைக் கண்டார். அதுவே புரோமிலெயின்.

கண்டுபிடிப்புகளைத் தொடர்ந்து மிகையான நம்பிக்கையும் பிறந்தது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பணியாற்றிய கருவியல் அறிஞர் ஜோன் பியர்ட், திரிப்சினைக் கொண்டு புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்று 1906 இல் வாதிட்டார். 1911 இல் நூலொன்றும் வெளியிட்டார். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. ஆயினும் 'கரைக்கும் பொருள் நோயையும் கரைக்கும்' என்ற எண்ணம் மறையவில்லை. இன்றைய போத்தல்கள் அனைத்தின் பின்னாலும் நிற்பது அந்த எண்ணமே.

நிரூபித்துக் காட்டிய ஒன்று

அந்த எண்ணம் ஓரிடத்தில் உண்மையாயிற்று. 1933 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரிலட் என்ற மருத்துவ ஆய்வாளர், ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற பக்றீரியா உறைந்த மனிதக் குருதியைக் கரைப்பதைக் கண்டார். பின்னர் ஸ்ரெப்ரோகைனேஸ் எனப் பெயர் பெற்ற அந்தப் பொருள் தானே புரதத்தை உடைப்பதில்லை. எமது குருதியில் உறங்கிக் கிடக்கும் பிளாஸ்மினோஜனை அது தட்டி எழுப்புகிறது. அதிலிருந்து உருவாகும் பிளாஸ்மின் என்ற நொதியமே உறைவைக் கரைக்கிறது. 1958 இல் சோல் ஷெரி தலைமையிலான குழுவினர் மாரடைப்பு நோயாளர்களுக்கு அதனைக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டனர்.

ஆயினும் மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. முடிவான விடைக்கு மேலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. 1986 இல் இத்தாலியில் 11,806 நோயாளர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஜிஸ்ஸி என்ற ஆய்வு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களில் 10.7 வீதமானோரும் பெறாதவர்களில் 13 வீதமானோரும் 21 நாட்களுக்குள் இறந்தனர். 1988 இல் 17,187 பேரைக் கொண்ட ஐசிஸ்-2 ஆய்வு வெளியாயிற்று. இரு வகையிலும் போலி மருந்து பெற்றவர்களில் ஐந்து வாரங்களுக்குள் இருதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்தோர் 13.2 வீதம்; ஸ்ரெப்ரோகைனேஸும் அஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 8 வீதம் மாத்திரமே. அதன் பின்னரே அந்த மருந்து உலகின் மருத்துவமனைகளில் வேரூன்றியது. இலங்கையிலும் அது பல உயிர்களைக் காத்தது.

இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். அது வாயால் விழுங்கப்படவில்லை, நாளத்தினுள் செலுத்தப்பட்டது. அதன் பயன் ஆய்வுகூடத் தட்டில் அல்ல, ஆயிரக்கணக்கான மனிதரில் அளக்கப்பட்டது.

பட்டுப்பூச்சியின் கதை

செராபெப்டேஸ் பட்டுப்புழுவின் குடலில் வாழும் செராஷியா பக்றீரியாவிலிருந்து பெறப்பட்டது. யப்பானின் தக்கேடா கம்பனி 1968 இல் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீக்கத்திற்கும் சளிக்கும் வைத்தியர்கள் அதனை எழுதிக் கொடுத்தனர். இந்தியாவில் வலி மருந்துகளுடன் கலந்த குளிகையாகவும் அது பரவிற்று. கூட்டினுள் இருக்கும் பட்டுப்பூச்சி இந்த நொதியத்தினால்தான் கூட்டைக் கரைத்து வெளியே வருகிறது என்ற கவர்ச்சியான கதையும் விளம்பரங்களில் இடம்பெற்றது. ஆனால் பூச்சி அதற்குப் பயன்படுத்துவது தன் உடலிலேயே சுரக்கும் 'கொக்கூனேஸ்' என்ற வேறொரு நொதியத்தை. கஃபடோஸ், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1964 இலேயே, அதாவது அந்த மருந்து சந்தைக்கு வருவதற்கு முன்னரே, அதனை விவரித்திருந்தனர்.

கதையை விட முக்கியமானது முடிவு. மருந்தை மீளாய்வு செய்தபோது, போலிக் குளிகை பெற்றவர்களுக்கும் செராபெப்டேஸ் பெற்றவர்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2011 இல் தக்கேடா கம்பனி தானே முன்வந்து அதனை யப்பானியச் சந்தையிலிருந்து மீளப் பெற்றது. 43 ஆண்டுகள் வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த ஒரு மருந்தின் கதை இது. ஆனால் பிறந்த நாட்டில் மடிந்த அந்த மருந்து, ஏனைய நாடுகளில் உணவுச் சேர்க்கை என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உணவுச் சேர்க்கைகள் விற்பனைக்கு முன்னர் தமது பயனை அரசாங்கத்திடம் நிரூபிக்கத் தேவையில்லை.

நாட்டோவும் அன்னாசியும்

அவித்த சோயா அவரையைப் புளிக்க வைத்துச் செய்யப்படும் 'நாட்டோ' யப்பானியரின் காலை உணவு. சிக்காகோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹிரோயுக்கி சுமி, 1980 ஆம் ஆண்டளவில் செயற்கைக் குருதியுறைவின் மீது சிறிதளவு நாட்டோவை இட்டுப் பார்த்தார். அது கரைந்தது. 1987 இல் நாட்டோகைனேஸ் பற்றிய அவரது கட்டுரை வெளியாயிற்று. யப்பானின் தக்கயாமா நகரில் 29,000 பேரைத் தொடர்ந்து அவதானித்து 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாட்டோ அதிகம் உண்பவர்களிடையே இருதய, குருதிக்குழாய் நோய்களால் ஏற்படும் மரணங்கள் குறைவாகக் காணப்பட்டன. ஆனால் அது உணவைப் பற்றியது, குளிகையைப் பற்றியதன்று. குளிகையை நேரடியாகச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2021 இல் வெளிவந்தது. 265 பேர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பங்குபற்றினர். நாளொன்றுக்கு 2,000 அலகு உட்கொண்டும் கழுத்து நாடிச் சுவர் தடிப்பதை அது தடுக்கவில்லை. 2022 இல் சீனாவிலிருந்து 1,062 பேரைப் பற்றி வெளியான அறிக்கை, 10,800 அலகு உட்கொண்டவர்களின் நாடிப் படிவுகள் குறைந்தன என்றது. அதில் போலிக் குளிகையுடனான ஒப்பீடு இல்லை. எனவே அதனை மேலும் ஆராயத் தூண்டும் செய்தியாகக் கொள்ளலாமேயன்றி, தீர்ப்பாகக் கொள்ள இயலாது.

புரோமிலெயினின் நிலை சற்று வேறு. 1957 இல் ஹவாயில் ரால்ஃப் ஹைனிக்கே, வீணாகும் அன்னாசித் தண்டில் அது மிகுந்திருப்பதைக் காட்டியதும் பெருமளவு உற்பத்தி சாத்தியமாயிற்று. மூக்கு, முகக்குழிச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் வீக்கத்திற்கு அதனைப் பயன்படுத்தலாம் என ஜேர்மனியின் மூலிகை மருந்துக் குழு ஏற்றது. முழங்கால் மூட்டுவாதத்தில் 47 பேரைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வு 2006 இல் பயன் எதனையும் காணவில்லை. அதேவேளை, தீக்காயத்தில் இறந்த தோலை அகற்றும் புரோமிலெயின் களிம்பு கடுமையான சோதனைகளைத் தாண்டி, 2012 இல் ஐரோப்பாவிலும் 2022 இல் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. அதே அன்னாசி, காயத்தின் மீது நேரடியாகப் பூசப்பட்டபோது மருந்தாயிற்று.

விழுங்கும் குளிகைக்கு ஏன் இத்தனை தடை? நொதியமும் ஒரு புரதம். இரைப்பை அமிலமும் பெப்சினும் அதனை உணவைப் போலவே சிதைக்கும். பூச்சிட்ட குளிகை குடலை அடைந்தாலும், குருதியில் சேருவது மிகச் சிறு பகுதியே. அங்கும் புரதமுடைக்கும் நொதியங்களைச் சிறைப்பிடிக்கும் காவற் புரதங்கள் உண்டு. அலகுகளும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. நாட்டோகைனேஸ் பைபிரினைக் கரைக்கும் வேகத்தாலும், செராபெப்டேஸ் பாற்புரதத்தைக் கரைக்கும் வேகத்தாலும், புரோமிலெயின் பெரும்பாலும் ஜெலட்டினைக் கரைக்கும் வேகத்தாலும் அளக்கப்படுகின்றன. ஒன்றின் 2,000 அலகை மற்றொன்றின் 2,000 அலகுடன் ஒப்பிடுவது முழத்தையும் கொத்தையும் ஒப்பிடுவதற்குச் சமம்.

ஆகவே, வரிசைப்படுத்திக் கூறுவதானால்: சத்திரசிகிச்சைக்குப் பின்னான வீக்கத்திற்குப் புரோமிலெயின் ஓரளவு ஆதாரம் உடையது. நாட்டோகைனேஸ் ஆய்வுக்குரிய பொருள்; இருதயத்தைக் காக்கும் என்பதற்குச் சான்று போதாது. செராபெப்டேஸ் தன் சொந்த நாட்டின் சோதனையில் தோற்றது.

இது வெறும் பண விரயம் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அஸ்பிரினுடன் நாட்டோகைனேஸ் உட்கொண்ட பெண்ணொருவருக்கு மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டதாக 2008 இல் மருத்துவ சஞ்சிகையொன்று பதிவு செய்தது. செயற்கை இருதய வால்வு பொருத்தப்பட்ட ஒருவர், வார்பரினைக் கைவிட்டு அதற்குப் பதிலாக நாட்டோகைனேஸை உட்கொண்டதால் வால்வில் குருதி உறைந்த சம்பவம் 2015 இல் வெளியாயிற்று. முதலாமவருக்குக் குருதி கசிந்தது, இரண்டாமவருக்கு உறைந்தது. குருதியை மெலிதாக்கும் மருந்து எடுப்பவர்களும் சத்திரசிகிச்சையை எதிர்நோக்குபவர்களும் தமது வைத்தியரிடம் கூறாமல் இவற்றைத் தொடுதல் ஆகாது. வைத்தியர் தந்த மருந்தை இவற்றுக்காக நிறுத்துதல் அதனிலும் ஆகாது. போத்தலை அனுப்பும் பிள்ளைகளும், அதனைப் பெற்றோருக்குக் கொடுக்குமுன் அவர்கள் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளின் பெயர்களைக் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.