சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் அதைப் பந்தயத் தடத்தில் தானே ஓட்டிப் பழகும் நாளை ‘டிராக் டே’ என்கிறார்கள். அதில் போட்டியோ பரிசோ கிடையாது. பெரும்பாலும் நேரம்கூடக் குறிப்பதில்லை. தமிழ்நாட்டில் இது அண்மையில் வந்த பழக்கம் போலத் தோன்றும். ஆனால் சென்னையின் கார்ப் பந்தயமே சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க இடம் தேடியவர்களிடமிருந்துதான் பிறந்தது.

கார் ஓட்டத்துக்கென்றே கட்டிய உலகின் முதல் தடமான புரூக்லாண்ட்ஸ் 1907இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 1927இல் வந்தது. கட்டணம் செலுத்திய யாரும் தம் காரிலேயே சுற்றிவரலாம் என்ற வழக்கத்துக்கு இன்றும் அதையே முன்னோடியாகச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பயனற்றுக் கிடந்த விமான ஓடுதளங்கள் பந்தயக்காரர்களின் கைக்கு வந்தன; சில்வர்ஸ்டோன் அப்படி உருவானதே. சென்னைக்கு வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சோழவரத்திலும் போர்க்கால ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைத் தன் களமாக்கிக்கொண்டது.

சோழவரத்தின் தடம் ஆங்கில ‘டி’ (T) எழுத்தின் வடிவில் இருந்தது. நீண்ட நேர்பாதை, அதன் முடிவில் சட்டென்று ஒரு வளைவு, மீண்டும் நேர்பாதை. ஆண்டுதோறும் நடந்த அகில இந்தியப் பந்தயத்துக்கு மும்பை, கொல்கத்தா, பெங்களூர் மட்டுமல்லாமல் இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்தார்கள். வெளிநாட்டுக் கார் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டிருந்த காலம் அது. கோண்டல் மன்னர் குடும்பத்தவரைப் போன்ற சிலரிடம் மட்டுமே உண்மையான பந்தயக் கார்கள் இருந்தன. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே அங்கு கொண்டுவந்து ஓட்டினார். மற்றவர்களுக்குக் கிடைத்தவை ஃபியட் 1100, அம்பாசடர், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பின்சீட்டைக் கழற்றி எடையைக் குறைத்து, சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டி, குடும்பக் காரையே பந்தயக் காராக்கினார்கள். முறையான பயிற்சிப் பள்ளி எதுவும் கிடையாது. பெரும்பாலோர் பந்தயத்தில் இறங்கித்தான் பந்தயம் கற்றார்கள். இன்றைய கண்ணுக்கு இது துணிச்சல் என்பதைவிட அசட்டுத்தனமாகவே படும்.

ஓடுதளத்துக்கு ஒரு குறை இயல்பிலேயே உண்டு: விமானத்துக்குத் தேவை நேர்பாதை, ஓட்டுநருக்குத் தேவை வளைவு. அதோடு, கூடிய பெருங்கூட்டத்துக்கும் ஓடும் காருக்கும் இடையே இருந்த தடுப்பும் சொற்பம். நிரந்தரத் தடம் ஒன்று வேண்டும் என்று கிளப் முயன்றதன் விளைவு, திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட சுமார் 3.7 கிலோமீட்டர் தடம். இன்று அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். அரசோ பெருநிறுவனமோ அல்லாமல் ஓட்டுநர்களின் கிளப்பே அதன் உடைமையாளர் என்பது இந்தியாவில் அபூர்வம்.

நிரந்தரத் தடம் வந்த காலத்தையொட்டிப் பந்தயத்தின் முகமும் மாறியது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினைக் கொண்டு மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று வழங்கிய அந்த வண்டி ஒரு தலைமுறை ஓட்டுநர்களை வளர்த்தது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ அவர் பெயரைத் தாங்கியது. 2005இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். சோழவரப் பந்தயத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போய்ச் சேர்ந்தார். பெருமைதான். ஆனால் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி, சிறுவயதிலிருந்து கார்ட்டிங் பழகிய ஓட்டுநர் என்று ஆனபின், சொந்தக் காரோடு வந்தவருக்குத் தடத்தில் இடமில்லாமல் போயிற்று.

அவரைத் திரும்ப அழைத்துவந்தது இறக்குமதிக் கொள்கை. 2001க்குப் பிறகு வெளிநாட்டுக் கார்களை முழுதாக இறக்க வழி திறந்தது. 2004இல் போர்ஷே வந்தது. 2007இல் செங்கல்பட்டு அருகே பிஎம்டபிள்யூ ஆலை இயங்கத் தொடங்கியது. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பாயும் கார்கள், மாடும் ஆட்டோவும் குறுக்கிடும் சாலைக்கு வந்தன.

இந்தக் கதையில் புதுச்சேரிக்கு ஒரு விசித்திரமான பங்கு உண்டு. ஒன்றியப் பிரதேசமான அங்கு வாகன வரி குறைவு. கேரளத்திலோ உயர் விலைக் கார்களுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை வரி இருந்தது. ஆகவே பிற மாநிலத்தவர் பலர் சொகுசுக் கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்தார்கள். போலி முகவரி கொடுத்துப் பதிந்ததாக 2017இல் கேரள அரசு விசாரணை தொடங்கியபின் ‘பிஒய் 01’ எண் பலகை நாடறிந்ததாயிற்று. பலகை அங்கிருந்து போனாலும் ஓட்டிப் பழகும் தடம் அங்கில்லை. பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாகப் புதுச்சேரிப் பகுதிகள் தமிழ்நாட்டு நிலத்தினூடே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அப்பகுதிகளில் ஒன்றான சேதராப்பட்டிலிருந்து புறப்படும் கார்க்காரர் மயிலம், கூட்டேரிப்பட்டு வழியாகத் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, திண்டிவனம் கடந்து இருங்காட்டுக்கோட்டைக்குத்தான் போயாக வேண்டும்.

அங்கு புதியவர்களுக்கான டிராக் டே காலையில் வண்டிப் பரிசோதனையோடு தொடங்கும். டயர், பிரேக் பட்டை, ஆயில் கசிவு, ஹெல்மெட், இழுத்துச்செல்லும் கொக்கி எல்லாம் பார்க்கப்படும். அடுத்து விளக்கக் கூட்டம்: மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. அனுபவத்துக்கேற்பக் குழு பிரித்து, முதல் சுற்றுகளை வழிகாட்டிக் காரின் பின்னே மெதுவாக ஓட்டவைப்பார்கள். பயிற்றுநர் பக்கத்து இருக்கையில் அமர்வதும் உண்டு. முந்துவது நேர்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கைகாட்டி அனுமதித்த பிறகே.

புதியவர் செய்யும் தவறு அநேகமாக ஒன்றுதான். நேர்பாதையில் வேகத்தைக் காட்டிவிட்டு, வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை மிதிப்பார். எடை பெருமளவு முன்சக்கரத்துக்குப் போக, பின்பக்கம் வழுக்கும். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வெளியோரத்திலிருந்து உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்கு விரிவதே முறை. 500 குதிரைத்திறன் காரை இதை அறிந்தவர் ஓட்டும் சிறிய போலோ கார் முந்திப்போவதைப் பார்த்த பிறகே பலருக்கு இது உறைக்கிறது. சென்னை வெயில் இன்னொரு வாத்தியார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பழைய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழியிட்டால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். அதனால்தான் சில சுற்றுகளுக்கொருமுறை வண்டியை ஆறவிடச் சொல்கிறார்கள். நிறுத்தியதும் கைபிரேக் போடக் கூடாது என்பதற்கும் சூடுதான் காரணம், சூட்டில் பட்டை டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும்.

செலவில் நுழைவுக் கட்டணம் சிறு பகுதிதான். தேயும் டயரும் பிரேக் பட்டையும் அதைத் தாண்டிவிடும். பலர் கவனிக்காதது காப்பீடு. இந்தியாவின் வழக்கமான தனியார் கார் பாலிசி பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டை வெளிப்படையாக விலக்குகிறது. ஆகவே தடுப்பில் மோதிய காரின் பழுதுச் செலவு உரிமையாளர் தலையில்தான் விழும். ஏற்பாட்டாளர்களும் தொடக்கத்திலேயே பொறுப்பு விலக்குப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.