பிக்கப் தளம்: ஒரு பட்டறைச் சீட்டுக்கு உரை

டெல்லி ஜனக்புரியில் குடியிருந்து, கேஷோப்பூர் மண்டியிலிருந்து காய்கறி ஏற்றும் நண்பர் ஒருவரின் பிக்கப்பில் பின்தளம் துருவேறிப் பொத்தலாகிவிட்டது. மாயாபுரிப் பக்கத்து டிங்கரிங் பட்டறை மேஸ்திரி இந்தியில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தார். கூலிச் சீட்டுதான். ஆனால் இந்த வேலையில் தெரிய வேண்டியது எல்லாம் அதில் இருப்பதால், தமிழில் வரிவரியாக உரை எழுதுகிறேன்.

“ஆர்.சி. பார்த்தபிறகு ஷீட் வாங்கு.”

டெல்லியில் இது முதல் வரியாக நிற்பதற்குக் காரணம் உண்டு. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. 2025-இல் சில தளர்வுகளும் வந்தன. வண்டிக்கு இன்னும் எத்தனை காலம் என்பதை ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழைப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொள்ளாமல் முழுத் தளம் மாற்றுவது வீண் செலவு.

“தட்டிப் பார்த்துத்தான் விலை.”

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். தளத் தகட்டுக்கும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே துரு ஊதி, தகட்டை மேலே தள்ளிவிடும். அதனால் பெயின்ட் புடைத்திருக்கும் இடத்துக்கு நேர்கீழே சட்டத்தையும் பார்க்க வேண்டும். சுத்தியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும், அரித்தது தொப்பென்னும். ஓரிரு பொத்தல் என்றால், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து ஒட்டுப் போடலாம். சட்டமே உதிர்கிறது என்றால் முதலில் சட்டம், பிறகு தகடு. பழைய துருவின்மேல் புதுத் தகட்டைப் போட்டு மூடித்தரும் பட்டறைகள் உண்டு. அது பழுதுபார்ப்பே அல்ல; துருவை ஒளித்துவைப்பது.

“பழைய தடிமனே போடு.”

கனத்த தகடு நெடுநாள் உழைக்கும் என்பது பலருடைய ஆசை. 1 சதுர மீட்டர் இரும்புத் தகடு, 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ எடை. தளம் 3.5 சதுர மீட்டர் என்று வையுங்கள்: 1.6 மில்லிமீட்டர் தகடு 44 கிலோ, 3 மில்லிமீட்டர் தகடு 82 கிலோ. கூடும் 38 கிலோ ஒவ்வொரு நடைக்கும் சரக்கிலிருந்து கழிகிறது. ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடை பதிவாகியிருக்கிறது. பதிவு விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

“பேட்டரி கழற்று, சிலிண்டர் இறக்கு, விட்டு விட்டுப் பற்றவை.”

சிஎன்ஜி வண்டிகளில் பெரும்பாலும் தளத்துக்கு அடியில்தான் சிலிண்டர். அதைத் தெரிந்தவர் இறக்கியபின்பே வெல்டிங் பொறி பறக்கலாம்; இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. மெல்லிய தகட்டை ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் சூட்டில் நெளியும். அங்கொரு பொட்டு, இங்கொரு பொட்டு என்று வைத்து, ஆறவிட்டு நிரப்ப வேண்டும். துத்தநாகம் பூசிய ஷீட் என்றால் பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்தெடுக்க வேண்டும். துத்தநாகம் எரியும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். முகத்துக்குத் துணி கட்டினால் போதாது, தகுந்த முகமூடி வேண்டும்.

“தண்ணீருக்கு வழி விடு.”

சீட்டின் உயிர் இந்த வரி. மெஹ்ரௌலி இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதன் இரும்பிலுள்ள பாஸ்பரஸ், மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாக உதவுவதை கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். ஆனால் அந்தத் தூணிலேயே மண்ணுக்குள் ஈரத்தில் இருந்த அடிப்பகுதி அரித்திருந்தது. அப்பேர்ப்பட்ட இரும்புக்கே அந்தக் கதி என்றால், மண்டியின் ஈரச் சாக்கையும் தக்காளிச் சாற்றையும் தாங்கும் தகடு எம்மாத்திரம்? எனவே தகட்டைச் சட்டத்தில் உட்கார்த்தும் முன்பே, பற்றவைக்கும் இடம் தவிர, இரு முகத்துக்கும் ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். பற்றவைத்தபின் அந்த இடங்களைத் தேய்த்துப் பூசி, இணைப்புகளில் சீலன்ட் நிரப்ப வேண்டும். மூலைகளில் வடிதுளை வேண்டும். அதில் அடைக்கும் கீரைத் தண்டையும் மண்ணையும் அவ்வப்போது குத்தி எடுக்க வேண்டும். தளத்தின்மேல் ரப்பர் பாய் விரித்தால் வாரம் ஒருமுறை தூக்கிக் காயவிட வேண்டும். அலுமினிய செக்கர் பிளேட்டை இரும்பின்மேல் நேரடியாக ரிவெட் அடிக்க வேண்டாம். இடையில் ஈரம் புகுந்தால் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரிப்பை வளர்க்கும்.