ஃபால்கன்: சாலைகள் திருத்திய கார்

2016ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி, மெல்பர்ன் நகரின் வடபுறமுள்ள பிராட்மெடோஸ் தொழிற்சாலையிலிருந்து ஃபோர்டு நிறுவனத்தின் கடைசி ஃபால்கன் கார் வெளிவந்தது. 1960இல் தொடங்கிய வரிசை அது. இடைப்பட்ட 56 ஆண்டுகளில் 30 இலட்சத்துக்கும் அதிகமான ஃபால்கன்கள் ஆஸ்திரேலியாவில் உருவாகியிருக்கின்றன. அதன் முடிவைப் பற்றி அந்நாட்டவர் பேசியதிலும் எழுதியதிலும், வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமானது போன்ற துயரம் இருந்தது. ஆனால் ஃபால்கன் என்ற பெயர் அமெரிக்காவில் இடப்பட்டது; நிறுவனமும் அமெரிக்க நிறுவனமே; முதல் வடிவமும் அங்கிருந்து வந்ததுதான். பிறகு எந்தப் பொருளில் அது ஆஸ்திரேலியக் கார் ஆயிற்று?

கார்களில் நாட்டமில்லாத வாசகருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும் என்று நினைக்கிறேன். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் வகைப்படுத்துகிறது. வழிநூல் முதல்நூலின் முடிவை ஏற்றுக்கொள்ளும். ஆயினும் அதை இயற்றுபவர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளை அதில் சேர்ப்பார். ஆஸ்திரேலிய ஃபால்கன் ஒரு வழிநூலாகவே தொடங்கியது. அந்த வேறுபாடுகள் எப்படி, யாரால், எதன் பொருட்டுச் சேர்ந்தன என்பதே அதன் வரலாறு.

ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் காலூன்றியது 1925இல், விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் நகரில். அமெரிக்க, கனடியக் கார்களைத் தருவித்து இணைத்து விற்பதே தொடக்ககால வேலை. ஆனால் அங்கிருந்துகூட உள்ளூருக்கே உரிய ஒரு வாகனம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர், முன்புறம் காராகவும் பின்புறம் சரக்குத் தொட்டியாகவும் ஒரே உடலாக அமைந்த வாகனத்தை வரைந்தார். 1934இல் அது விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியர்கள் இன்றும் ‘யூட்’ என்று அழைக்கும் வாகன வகையின் தொடக்கம் அதுவே.

1948 நவம்பர் 29 அன்று பிரதமர் பென் சிஃப்லி முதல் ஹோல்டன் காரை அறிமுகப்படுத்தினார். அதுவும் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கிளையில் உருவானதுதான்; என்றாலும் ‘ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார்’ என்ற பெயர் அதற்கு வாய்த்துவிட்டது. ஐம்பதுகளின் இறுதியில் அந்நாட்டில் விற்ற கார்களில் ஏறத்தாழப் பாதி ஹோல்டன். எதிர்நிற்க ஃபோர்டுக்கு ஒரு கார் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் ஃபோர்டின் செஃபர் காரை உள்ளூரில் தயாரிப்பது என்று முதலில் எண்ணியிருந்தார்கள். 1958இல் அமெரிக்கத் தலைமையகத்துக்குச் சென்ற ஆஸ்திரேலிய அதிகாரிகள், அங்கே உருவாகிக்கொண்டிருந்த ஃபால்கனைக் கண்டு மனம் மாறினார்கள். அமெரிக்காவில் அந்தக் காருக்குப் பின்னால் நின்ற முக்கியமான மனிதர் ராபர்ட் மக்னமாரா. பின்னாளில் வியட்நாம் போரின்போது அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்தவர். ஆடம்பரமற்ற, எடை குறைந்த, ஆறு பேர் அமரக்கூடிய, ஆறு சிலிண்டர் கார் என்பது அதன் இலக்கணம்.

1960 செப்டம்பரில் எக்ஸ்கே என்ற குறியீட்டுடன் ஃபால்கன் ஆஸ்திரேலியச் சந்தைக்கு வந்தது. பார்க்க அழகாகவும் தாழ்வாகவும் இருந்தது. ஆனால் அது அமெரிக்காவின் சீரான சாலைகளை நினைத்து வரையப்பட்ட கார். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் அன்று பெரும்பாலானவை மண் சாலைகள். மாட்டுவண்டித் தடங்கள் போல வரிவரியாய் மேடுபள்ளம் விழுந்தவை. முன்சக்கரங்களைத் தாங்கும் பால் ஜாயிண்ட் என்னும் மூட்டுகள் அந்த அதிர்வில் தேய்ந்து கழன்றன. நாட்டுப்புறத்தில் காரின் பெயர் கெட்டது. ஓர் அமெரிக்கப் பொறியாளரின் கணக்கை ஆஸ்திரேலியச் சாலை பிழையென்று காட்டிய தருணம் அது. அடுத்தடுத்து வந்த வடிவங்களில் முன்புறத் தாங்கிகள் தடித்தன, உடல் இறுகியது.

திருத்தம் நடந்தது உண்மைதான் என்று மக்களை நம்பவைப்பது வேறு வேலை. 1965இல் எக்ஸ்பி ஃபால்கன் வந்தபோது, ஜீலாங்குக்கு அருகில் யூ யாங்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் புதிதாக அமைத்த சோதனைத் தடத்தில் ஐந்து கார்களை இரவும் பகலுமாக ஓட்டினார்கள். ஒன்பது நாட்களில் அவை சேர்ந்து 70,000 மைல் ஓடவேண்டும். சராசரி வேகம் மணிக்கு 70 மைலுக்குக் குறையக்கூடாது. தடம் வளைந்தும் ஏறி இறங்கியும் செல்வது. கார்கள் தடம் விலகின, சில கவிழ்ந்தன. நிமிர்த்தி, தட்டிச் சரிசெய்து மீண்டும் ஓட்டினார்கள். இலக்கு எட்டப்பட்டது. நசுங்கிய கூரையுடன் ஓடி முடித்த கார், பளபளக்கும் விளம்பரப் படத்தைவிட நம்பகமான சாட்சியாக அமைந்தது.

அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்ஆர் வடிவத்தில் எட்டு சிலிண்டர் என்ஜினும் கிடைத்தது. காவல்துறையின் துரத்தல் பணிக்காகச் செய்த ஏற்பாடுகளிலிருந்து 1967இல் ஃபால்கன் ஜிடி பிறந்து, அவ்வாண்டே பாத்தர்ஸ்ட் 500 மைல் பந்தயத்தை வென்றது. பந்தயத்தில் ஓடும் காரே கடையிலும் விற்கப்பட வேண்டும் என்பது அக்கால விதி. ஆகவே பந்தயம் கடுமையாக, கடையில் விற்ற காரும் வெறி கொண்டது. 1971இல் ஆலன் மொஃபட் பாத்தர்ஸ்டில் வென்ற ஜிடி-எச்ஓ மூன்றாம் படிநிலை கார், மணிக்கு 140 மைல் வேகத்தை எட்டக்கூடியது. 1972 ஜூனில் சிட்னியின் ஞாயிறு நாளேடு ஒன்று, 160 மைல் வேகக் கார்கள் வரப்போகின்றன என்று முதல் பக்கத்தில் எழுதியது. அரசியல்வாதிகள் கொதித்தார்கள். நான்காம் படிநிலை கைவிடப்பட்டது.

அதே 1972இல் வந்த எக்ஸ்ஏ, உடல் முழுவதும் ஆஸ்திரேலியாவுக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் ஃபால்கன். காரணம் எளியது: அமெரிக்காவில் ஃபால்கன் 1970இலேயே நின்றுவிட்டது. முதல்நூல் மறைந்துவிட்டது, வழிநூல் தனியே நின்று எழுதப்பட வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில், எழுதிய கைகளைப் பற்றியும் பேசவேண்டும். பிராட்மெடோஸ் ஆலையில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியேறியவர்கள்: இத்தாலியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர், துருக்கியர். ஆங்கிலம் அதிகம் அறியாதவர்களுக்கு, நகர்ந்துவரும் வரிசையின் முன்னால் நின்று ஒரே திருகை நாள் முழுக்க முடுக்கும் வேலை கிடைத்தது. வரிசையின் வேகம் மனிதர் தாங்கக்கூடியதைவிட அதிகம் என்பதே அவர்களின் முதன்மையான குறை. 1973 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. வேலைக்குத் திரும்பலாம் என்று தொழிற்சங்கத் தலைமை சொன்னபோது அவர்கள் அதை ஏற்கவில்லை. ஜூன் 13 அன்று ஆலையின் மதிலைச் சாய்த்தார்கள். அலுவலகக் கண்ணாடிகளை உடைத்தார்கள். போராட்டம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஆஸ்திரேலியனுக்கே உரிய கார் என்று ஊர் கொண்டாடிய பொருளைச் செய்தவர்களை, ஆஸ்திரேலியர் என்று ஏற்க ஊர் அப்போது தயங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்து, கடுமையான பயன்பாட்டில் தேய்ந்து, அந்த மண்ணுக்கு உரியவராக ஆனது காருக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடி அடுத்த திருத்தத்தைக் கோரியது. 1979இல் வெளியான ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்’ திரைப்படத்தில், சிதைந்துகொண்டிருக்கும் உலகின் சாலைகளில் நாயகன் ஓட்டும் கறுப்புக் கார் 1973இன் எக்ஸ்பி ஃபால்கன் ஜிடி. அதே 1979 மார்ச்சில் உண்மை உலகில் வந்த எக்ஸ்டி ஃபால்கனோ எடை குறைத்து, ஐரோப்பியச் சாயலில் அடக்கமாக வந்தது. ஆனால் அகலத்தைக் குறைக்கவில்லை. ஹோல்டன் முந்தைய ஆண்டே ஜெர்மானிய ஓப்பல் காரைத் தழுவிய, உடல் ஒடுங்கிய காமடோரைக் கொண்டுவந்திருந்தது. பெட்ரோல் விலை ஏறும் காலத்தில் ஹோல்டனின் கணக்கே சரியென்று தோன்றியது. நடந்தது வேறு. பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள் தோள் இடிக்காமல் உட்கார வேண்டிய குடும்பங்களும், டாக்சிக்காரர்களும் அகலமான காரையே நாடினார்கள். 1982இல் ஃபால்கன் நாட்டின் அதிக விற்பனைக் கார் ஆனது.

உடல்கள் மாறிக்கொண்டிருந்தாலும் அடியில் ஒரு தொடர்ச்சி இருந்தது. முதல் எக்ஸ்கேயின் ஆறு சிலிண்டர்களும் ஒரே நேர்க்கோட்டில் நின்றன. கடைசிக் காரிலும் அந்த அமைப்பு தொடர்ந்தது. 2.4 லிட்டரில் தொடங்கி 4 லிட்டர் வரை வளர்ந்த அந்த என்ஜின் வரிசையை ஜீலாங் ஆலை தலைமுறை தலைமுறையாகத் திருத்திக்கொண்டே வந்தது. 2002இல் பிஏ ஃபால்கனுடன் வந்த அதன் இறுதி வடிவத்துக்கு ‘பாரா’ என்று பெயர். பாரமுண்டி என்ற மீனின் பெயரிலிருந்து வந்தது. நம் கடற்கரைகளில் கொடுவா என்று விற்கும் அதே மீன்தான். 1998இன் ஏயூ வடிவத்தை அதன் தோற்றத்துக்காக மக்கள் ஒதுக்கியபின், ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவழித்து உருவாக்கிய மீட்சி பிஏ. 2003இல் 70,000க்கும் அதிகமான ஃபால்கன்கள் விற்றன.

நகரங்களில் இந்தக் காரின் நிலையான உருவம் டாக்சி. எரிவாயுவில் ஓடும் மஞ்சள் ஃபால்கனை மெல்பர்னில் 2000களில் ஓட்டியவர்களில் இந்தியாவிலிருந்து படிக்க வந்த இளைஞர்கள் பலர். 2008 ஏப்ரலில் இந்திய மாணவரான ஓட்டுநர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டபோது, டாக்சி ஓட்டுநர்கள் ஃபிளிண்டர்ஸ் தெருச் சந்திப்பை மறித்து இரவு முழுவதும் உட்கார்ந்தார்கள். சிலர் சட்டையைக் கழற்றிக் குளிரில் நின்றார்கள். ஓட்டுநருக்கும் பயணிக்கும் இடையே பாதுகாப்புத் திரை அமைக்க மாநில அரசு இணங்கியது. ஃபால்கனின் உள்ளே சேர்ந்த அந்தத் திரையையும் நான் ஒரு திருத்தமாகவே கருதுகிறேன். அது எந்த வடிவமைப்பாளரின் பலகையிலும் வரையப்பட்டதல்ல.

இனி முடிவு. எண்பதுகளின் நடுவில் இறக்குமதிக் கார்கள்மீது 57.5 விழுக்காடு சுங்கவரி இருந்தது. தொழில் அமைச்சர் ஜான் பட்டன் வகுத்த திட்டம் வரியைப் படிப்படியாகக் குறைக்கவும், நிறுவனங்கள் கார்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளவும் வழிசெய்தது. ஃபால்கன் யூட் சில ஆண்டுகள் நிஸான் பெயரிலும் விற்கப்பட்டது. வரி 2000இல் 15 விழுக்காடு, 2005இல் 10, 2010இல் 5 என்று இறங்கியது. சுரங்கத் தொழிலின் எழுச்சியில் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே தாண்டியபோது, வெளிநாட்டுக் கார்கள் மேலும் மலிந்தன. 2013 மே 23 அன்று ஃபோர்டு மூடல் அறிவிப்பை வெளியிட்டது. ஹோல்டனும் டொயோட்டாவும் பின்தொடர்ந்தன. 2017 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் பெருமளவுக் கார் தயாரிப்பே நின்றது.

வரியையும் நாணயத்தையும் மட்டும் பழி சொல்வது எளிது. கசப்பான உண்மை வேறொன்று. ஃபால்கனை ஆஸ்திரேலியக் காராக்கிய அதே திருத்தங்கள், அதை வேறெங்கும் விற்க முடியாத காராகவும் ஆக்கின. வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும், பின்சக்கரங்கள் இயக்கும், பெரிய பெட்ரோல் கார். அன்று இரண்டரைக் கோடிக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த கண்டத்துக்கும் அண்டையிலுள்ள நியூசிலாந்துக்கும் வெளியே அதற்கு ஊர் இல்லை. சொந்த ஊரும் மாறிவிட்டது. சாலைகள் தார் பூசிக்கொண்டன. குடும்பங்கள் உயரமான எஸ்யூவி வாகனங்களுக்குப் போயின. 2015இல் விற்ற ஃபால்கன்கள் 6,000க்கும் குறைவு. கண்ணீர் சிந்தியவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகளாக அதை வாங்கியிருக்கவில்லை. பழைய மூன்றாம் படிநிலை ஜிடி-எச்ஓ ஏலத்தில் பத்து இலட்சம் டாலரைத் தாண்டியதும் உண்டு. வழக்கொழிந்த நூலின் முதற்பதிப்புக்கு விலை ஏறுவது நமக்கும் தெரிந்த காட்சிதான்.

கடைசி நாளில் பிராட்மெடோஸிலும் ஜீலாங்கிலும் ஏறத்தாழ 600 பேர் வேலை இழந்தார்கள். வடிவமைப்பாளர்களும் பொறியாளர்களும் விக்டோரியாவிலேயே தங்கினார்கள். யூ யாங்ஸ் சோதனைத் தடமும் அவர்களிடமே இருந்தது. அங்கே அவர்கள் உருவாக்கிய ரேஞ்சர் என்ற வாகனம் தாய்லாந்தில் தயாராகிறது. 2023இலும் 2024இலும் ஆஸ்திரேலியாவில் மிக அதிகமாக விற்றது அதுதான். முன்புறம் மனிதர் உட்கார, பின்புறம் சரக்கு ஏற்ற அமைந்த வண்டி. லூ பேண்ட் 1934இல் ஜீலாங்கில் தீர்த்த கணக்குக்கு ஆஸ்திரேலியர்கள் இன்றும் விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதும் தாள்தான் இப்போது கப்பலில் வருகிறது.