மண்ணிலிருந்து வந்த மருந்தும் மறைத்து வைக்கப்பட்ட நோயும்

பெனிசிலினின் கதையை நமது மாணவர் யாவரும் அறிவர். பிளெமிங்கின் ஆய்வுகூடத் தட்டிற் படிந்த பூஞ்சணமும் 1928ஆம் ஆண்டும் அவர்களுடைய குறிப்புப் புத்தகங்களில் தவறாது இடம்பெறுவன. இரண்டாவது உலகப் போரை அடுத்து ஸ்ரெப்ரோமைசின், குளோராம்பெனிக்கோல், ஓறியோமைசின், ரெறாமைசின் என ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்த மருந்துகள் சயரோகத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் எவ்வாறு அடக்கின என்பதும் பலமுறை எழுதப்பட்ட விடயமே. எனினும், அதே மருந்துகள் பெண்ணுடலில் விளைத்த ஒரு துன்பத்தைப் பற்றியோ, அத்துன்பத்துக்கு மாற்றுக் கண்ட இரு பெண்களைப் பற்றியோ நாம் பேசுவது அரிது. பேசாதிருப்பதற்குரிய காரணம் விஞ்ஞானத்தில் இல்லை. நமது கூச்சத்திலேயே இருக்கின்றது.

விடயத்தை வெளிப்படையாகவே கூறிவிடலாம். அன்ரிபயோற்றிக் என்று பொதுமக்கள் வழங்கும் நுண்ணுயிர்கொல்லியைத் தொண்டைநோவுக்கோ நெஞ்சுச்சளிக்கோ சில நாள் உட்கொண்ட பெண்களுட் சிலருக்கு, மருந்து முடியும் தறுவாயிலோ முடிந்த பின்னரோ யோனியில் கடுமையான அரிப்பும் எரிவும் தோன்றுகின்றன. சிறுநீர் கழிக்கும்போது தோல் எரிகின்றது. தயிர்த்திரளை ஒத்த, பெரும்பாலும் மணமற்ற வெண்ணிறக் கசிவு உண்டாகின்றது. இது எத்துணைப் பேருக்கு நேர்கின்றது? அவுஸ்திரேலியாவில் நடத்தப்பெற்று 2004இல் வெளியான ஓர் ஆய்வில், குறுகிய காலம் நுண்ணுயிர்கொல்லி உட்கொண்ட 235 பெண்களுள் 55 பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர், இவ்வகைத் தொல்லைக்கு ஆளாயினர். அரிதான நோய் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது.

இதனை உண்டாக்குவது கன்டிடா எனப்படும் பங்கசு. மதுவ இனத்தைச் சேர்ந்த இவ்வுயிர் புதிதாக வெளியிலிருந்து வருவதன்று. உடல்நலமுடைய பெண்களிலும் பத்து முதல் இருபது வீதமானோரின் யோனியில் எவ்விதத் தொந்தரவும் செய்யாது அது குடியிருக்கின்றது, குடலிலும் உண்டு. 1849இலேயே வில்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் பெண்ணுறுப்பின் கசிவிற் கண்ட பங்கசைப் பற்றி 'லான்செற்' இதழில் எழுதினார். 1892இல் ஜேர்மனிய மகப்பேற்று மருத்துவரான டொடர்லைன், பிரசவக் காய்ச்சலின் காரணத்தைத் தேடிச் சென்றவிடத்து, யோனியில் இயல்பாகவே வாழும் கோலுருவான பக்றீரியாக்களைக் கண்டு விபரித்தார். இப் பக்றீரியாக்கள் அங்குள்ள சர்க்கரைப் பொருளை இலற்றிக் அமிலமாக மாற்றுகின்றன. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு இவை உறவுமுறையானவை. இவ்வமிலச் சூழலில் வேண்டாத பல கிருமிகள் தலையெடுக்க மாட்டா.

நோய்க் கிருமியைக் கொல்லச் சென்ற மருந்து இக்காவற் பக்றீரியாக்களையும் சேர்த்துக் கொல்கின்றது. பங்கசு பக்றீரியா இனத்தைச் சேராதபடியால் அதற்கு ஓர் ஊறும் நேர்வதில்லை. போட்டியாளர் ஒழிந்த நிலத்தில் அது பல்கிப் பெருகுகின்றது. பொதுவாகக் கூறப்படும் விளக்கம் இதுவே. ஆயினும் இது முழு விளக்கமன்று. காவற் பக்றீரியாக்கள் நிறைந்திருக்கும் பெண்களுக்கும் இந்நோய் வருகின்றது. கர்ப்பம், நீரிழிவு, எதிர்ப்புச் சக்திக் குறைவு ஆகியனவும் இதற்கு வழிசெய்கின்றன. மேற்கூறிய அவுஸ்திரேலிய ஆய்வின் முக்கிய நோக்கமே, இழந்த பக்றீரியாக்களைத் திரும்பக் கொடுத்தால் நோயைத் தடுக்கலாமா என்று பார்ப்பதுதான். வாய்வழியாகவும் யோனிவழியாகவும் கொடுத்துப் பார்த்தனர். தடுக்க முடியவில்லை. தயிரைப் பூசினால் தீரும் என்று கூறுவோர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும். தயிர் உண்பதற்கு உகந்தது, அவ்வளவே.

1940களின் இறுதியில் பலவகைக் கிருமிகளையும் ஒருங்கே கொல்லும் மருந்துகள் பரவியபோது வாயிலும் குடலிலும் யோனியிலும் கன்டிடாத் தொற்று பெருகுவதை மருத்துவர்கள் கண்டனர். அவர்கள் கையில் இருந்த சிகிச்சையோ மிக எளியது: ஜென்சன் வயலற் என்னும் ஊதா நிறச் சாயம். ஓரளவு பயன் தந்தது என்பது மெய்யே. ஆனால் உடையெல்லாம் கறைபடும்; புண்பட்ட தோல் மேலும் எரியும். மறைக்க விரும்பிய நோயை உடுபுடவை காட்டிக் கொடுத்துவிடும். பக்றீரியாவுக்கு ஆறேழு மருந்துகள் கண்ட விஞ்ஞானம் மனித உடலுக்குத் தீங்கின்றிப் பங்கசைக் கொல்லும் ஒரு மருந்தையேனும் அதுவரை கண்டிருக்கவில்லை.

அதனைக் கண்டவர்கள் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடப் பிரிவிற் சம்பளத்துக்கு வேலைசெய்த இரு பெண்கள். எலிசபெத் ஹேஸன் 1885இல் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி விளைவித்த ஒரு குடும்பத்திற் பிறந்து, நான்கு வயதாகுமுன்னரே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். உறவினரால் வளர்க்கப்பட்டுக் கல்லூரிக் கல்வியை முடித்தபின், உயர்பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றபோது (1927) அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. றேச்சல் பிறவுண் 1898இல் மசாசூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாய் அலுவலக வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். குடும்பத்துக்கு அறிமுகமான ஒரு செல்வப் பெண்மணி பணம் உதவியதாலேயே பிறவுண் கல்லூரிக்குச் செல்ல முடிந்தது. அக்கடனைப் பின்னர் அவர் திருப்பிக் கொடுத்தார். சிக்காக்கோவில் இரசாயன ஆய்வை எழுதி ஒப்படைத்த பின்னரும் வாய்மொழிப் பரீட்சைக்குக் காத்திருக்கக் கையிற் பணமில்லாது 1926இல் வேலைக்குச் சென்றார்; பட்டம் கிடைக்க மேலும் ஏழு ஆண்டுகள் சென்றன. வறுமை அறிவாளியின் ஆயுளில் எத்தனை ஆண்டுகளைத் தின்னும் என்பதற்கு இவ்விருவரது வரலாறுமே போதிய சான்று.

1948இல் இவர்களது கூட்டு வேலை தொடங்கியபோது ஹேஸனுக்கு வயது 63, பிறவுணுக்கு 50. ஹேஸன் நியூயோர்க் நகரில் இருந்தார். பிறவுண் ஏறத்தாழ 150 மைல் தொலைவிலுள்ள அல்பனியில் இருந்தார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து மருந்து தேடும் முறையை ஸ்ரெப்ரோமைசினைக் கண்ட வக்ஸ்மனின் ஆய்வுகூடம் ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தது. அம்முறையைப் பங்கசுக்கு எதிராகப் பயன்படுத்துவதே இவர்களின் எண்ணம். பல இடங்களிலிருந்தும் பெற்ற மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை ஹேஸன் வளர்த்து, கன்டிடாவையும் வேறொரு கொடிய பங்கசையும் அவை கொல்கின்றனவா என்று பார்ப்பார். கொல்வனவற்றைக் கண்ணாடிச் சாடியில் அடைத்துத் தபாலில் அல்பனிக்கு அனுப்புவார். பிறவுண் பல கரைப்பான்களைக் கொண்டு மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்துத் திரும்பவும் தபாலில் அனுப்புவார். ஹேஸன் அதனை மீண்டும் பங்கசின்மீதும் பின்னர் விலங்குகள்மீதும் பரிசோதிப்பார். பெரும்பாலானவை பங்கசைக் கொன்றன. பரிசோதனை விலங்குகளையும் சேர்த்துக் கொன்றன. இருவரும் சலியாது அடுத்த சாடியை அனுப்பினர்.

தேடியது கிடைத்த மண், ஹேஸன் விடுமுறைக்குச் சென்றிருந்தபோது வேர்ஜீனியா மாநிலத்தில் தம் நண்பர்களான நூர்ஸ் குடும்பத்தினரின் பாற்பண்ணையில் அள்ளியது. அதில் வாழ்ந்த நுண்ணுயிர்க்கு ஸ்ரெப்ரோமைசிஸ் நூர்சி என்று பெயரிட்டனர். மருந்து 1950 ஒக்ரோபரில் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டமொன்றில் அறிவிக்கப்பட்டது. முதலில் வைத்த பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்கு வழங்கியமையால், தங்களுக்குச் சம்பளம் கொடுத்த நியூயோர்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி நிஸ்ரற்றின் எனப் பெயர் மாற்றினர். பங்கசின் உயிரணுச் சவ்வில் மட்டும் காணப்படும் எர்கொஸ்ரரோல் என்ற கொழுப்புப் பொருளை இம்மருந்து பற்றிக்கொண்டு சவ்வைத் துளைக்கின்றது. பக்றீரியாவை இது தீண்டுவதில்லை. ஆகவே முன்னைய மருந்து அழித்த காவற் பக்றீரியாக்கள் மீண்டும் வளர்வதற்கு இது தடையாவதில்லை. குடலிலும் தோலிலும் அநேகமாக உறிஞ்சப்படாமையால் இடப்பட்ட இடத்திலேயே நின்று வேலை செய்கின்றது.

அரச ஆய்வுகூடத்திற் கண்ட மருந்தைப் பெருந்தொகையாக உற்பத்திசெய்யும் வசதி அரச ஆய்வுகூடத்தில் இருக்கவில்லை. காப்புரிமை ஓர் இலாபநோக்கற்ற ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, உற்பத்தி உரிமை ஸ்குயிப் கம்பனிக்கு வழங்கப்பட்டது. 1954இல் மருந்து விற்பனைக்கு வந்தது. காப்புரிமைக் காலத்திற் கிடைத்த உரிமைப்பணம் 130 இலட்சம் டொலரைத் தாண்டியது. அதில் ஒரு சதத்தையேனும் அவ்விருவரும் தமக்கென எடுக்கவில்லை. முழுவதும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும், பங்கசு நோய்களைக் கற்பதற்கும் சென்றது. இருவரும் ஓய்வுபெறும்வரை சம்பளத்திலேயே வாழ்ந்தனர். தனிமனித இலாபமின்றேல் கண்டுபிடிப்பே இல்லை என்று உரத்துப் பேசும் அந்நாட்டிலேயே இது நிகழ்ந்தது என்பது சுவையான செய்தி.

கம்பனிகளின் போக்கு வேறாயிருந்தது. 1950களின் நடுப்பகுதியில் ரெற்றாசைக்கிளினையும் நிஸ்ரற்றினையும் ஒரே குளிசையில் அடைத்து விற்றனர்: நோயை உண்டாக்கும் மருந்தும் அதற்கு மாற்றும் ஒரே விலையில்! முற்காப்பு என்று கேட்க நன்றாகவே இருக்கும். ஆயின் நான்கில் மூவருக்குத் தேவைப்படாத மருந்தை நால்வருக்கும் விற்பதே அதன் நடைமுறைப் பொருள். 1962இல் மருந்தின் பயனை நிரூபிக்க வேண்டுமென்ற சட்டம் அமெரிக்காவில் வந்த பின்னர், இத்தகைய கூட்டு மருந்துகளை நிபுணர் குழுக்கள் ஏற்க மறுத்தன. நமது நாட்டில் இவ்வகைக் கூட்டு மருந்துகளுக்கும் வியாபாரப் பெயர்களுக்கும் எதிராகப் போராடியவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. அவரது முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தேவையற்ற மருந்துகளைக் குறைத்து, எஞ்சியவற்றைப் பொதுப்பெயரில் மலிவாக இறக்குமதி செய்ய முனைந்தது. அவர் மறைந்த 1977ஆம் ஆண்டிலேதான் உலக சுகாதாரத் தாபனம் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. நிஸ்ரற்றினும் அதில் இடம்பெற்றது.

இன்று மருந்துக்குப் பஞ்சமில்லை. 1970களில் வந்த குளோற்றிமசோலை யோனியுள் வைக்கும் குளிசையாக ஒரே இரவில் 500 மில்லிகிராமோ, மூன்று இரவுகள் 200 மில்லிகிராமோ, ஆறு இரவுகள் 100 மில்லிகிராமோ பயன்படுத்தலாம். 1990களில் வழக்கத்துக்கு வந்த புளுக்கொனசோல் 150 மில்லிகிராம், வாய்வழியாக ஒரு வேளை மட்டும். கர்ப்பிணிகள் அதனை உட்கொள்ளலாகாது. அவர்களுக்கு யோனியுள் வைக்கும் மருந்தே ஏழு நாட்களுக்குக் கொடுக்கப்படும். குருதியுறைவைத் தடுக்கும் வாபரின் போன்ற மருந்துகளை எடுப்போரும் வைத்தியரைக் கேட்காமல் விழுங்கக்கூடாது. நிஸ்ரற்றினுக்கு ஒரு இலட்சம் அலகுக் குளிசை பதினான்கு இரவுகள் தேவை. ஆதலால் அது பின்தள்ளப்பட்டது. ஆயினும் ஏனைய மருந்துகளுக்கு அடங்காத சில கன்டிடா இனங்களுக்கு இன்றும் அதனை நாடுகின்றனர். சவர்க்காரத்தாலும் கிருமிநாசினியாலும் உள்ளே கழுவுவது தீமையே செய்யும். இது பாலுறவால் வரும் நோயாகக் கருதப்படுவதில்லை. பொதுவாகக் கணவனுக்குச் சிகிச்சை வேண்டியதில்லை, மனைவியைச் சந்தேகிக்கவும் இடமில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வருமாயின் இரத்தத்திற் சீனியைப் பரிசோதிக்க வேண்டும். ஆறு மாதங்கள் நீளும் சிகிச்சையும் தேவைப்படலாம்.

தமிழ் கற்றவன் என்ற முறையில் இங்கு ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிட வேண்டியுள்ளது. 'வெள்ளைபடுதல்' என்று நம் பெண்கள் கூறுவது ஒரு நோயன்று. இயல்பான கசிவு முதற்கொண்டு பல நிலைகளை அச்சொல் போர்த்தி வைத்திருக்கின்றது. மீன் மணமுடைய சாம்பல் நிறக் கசிவாயின் அது பக்றீரியாச் சமநிலை குலைந்த நிலை. நுரைத்த மஞ்சட்பச்சைக் கசிவாயின் பாலுறவால் தொற்றும் வேறோர் உயிரினத்தின் வேலையாகலாம். இவ்விரண்டுக்கும் மெற்றோனிடசோல் என்னும் மருந்தே பொருத்தமானது. பங்கசு மருந்து பயன்படாது. கன்டிடாவுக்கோ மெற்றோனிடசோல் பயன்படாது. தமக்குக் கன்டிடா என்று தாமே முடிவுசெய்த அமெரிக்கப் பெண்களைப் பரிசோதித்த 2002ஆம் ஆண்டு ஆய்வில், மூவரில் ஒருவருக்கே அது உண்மையாக இருந்தது. அங்கேயே அந்நிலையென்றால், சுகாதார பாடத்தில் இனப்பெருக்க அத்தியாயம் வந்ததும் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர் உள்ள நாட்டில் எந்நிலை என்பதை ஊகிக்கலாம். ஆண்கள் நிற்கும் பாமசியில் அரைகுறையாகக் கூறிய ஒரு சொல்லுக்கு, நோயை உண்டாக்கிய அதே நுண்ணுயிர்கொல்லி மீண்டும் ஒருமுறை கிடைத்துவிடவும் கூடும்.

முதன்முறையாக இத்தொல்லை வந்தவர்களும், கர்ப்பிணிகளும், அடிவயிற்று நோவோ காய்ச்சலோ இரத்தக்கசிவோ உள்ளவர்களும் வைத்தியரிடம் போதல் அவசியம். ஆண் வைத்தியரிடம் பேசத் தயங்குவோர் தமது பகுதிக் குடும்பநல மாதிடம் முதலிற் பேசலாம். என்ன மருந்தை எந்த நாளிலிருந்து எத்தனை நாள் எடுத்தேன், எப்போது அரிப்புத் தொடங்கியது, கசிவின் நிறமும் மணமும் எவ்வாறுள்ளன என்ற மூன்றையும் கூறினாற் போதும். எஞ்சிய கேள்விகளை அவர்களே கேட்பார்கள். முன்னைய நோய்க்குக் கொடுத்த நுண்ணுயிர்கொல்லியை மட்டும், கொடுத்தவரைக் கேளாமல் இடையில் நிறுத்தலாகாது.