உலங்கு வானூர்தியும் காலாட்படையும்: இலங்கைப் போர்

அம்பாறைக் கரையோரத்தார் ‘ஹெலி’ என்று சொல்லும் உலங்கு வானூர்தி, இலங்கைப் போரில் முற்றுகைக்குள் அகப்பட்ட காலாட்படைக்குப் பலமுறை கடைசி வழியாக இருந்தது. தோட்டாவும் உணவும் அதில் வந்தன. காயப்பட்டோர் அதில் போயினர்.

ஹெலிக்கும் காலாட்படைக்கும் இடையிலான இந்த உறவு தொடங்கியது பர்மாக் காட்டில். 1944 ஏப்ரலில் ஜப்பானியர் சூழ்ந்த பகுதியில் சிக்கிய பிரித்தானியச் சிப்பாய்கள் மூவரையும் ஒரு விமானியையும் அமெரிக்கரான கார்ட்டர் ஹார்மன் ஒவ்வொருவராகத் தூக்கிவந்தார். அவருடைய சிறிய ஹெலியில் ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் இடம். வியட்நாம் போரில் பெல் ஹியூயி என்ற ஹெலி இதை அன்றாடப் பணியாக்கியது. அதன் வழிவந்த பெல் 212, 1980களில் இலங்கை விமானப்படையில் சேர்ந்தது.

இறங்குமிடத்தைக் காத்து நின்று, புகை எழுப்பிக் காற்றின் திசை காட்டி, ‘இறங்கலாம்’ என்று வானொலியில் சொல்வது தரையிலுள்ள சிப்பாய். முகமறியாத அந்தக் குரலை நம்பியே விமானி தாழ்வார். இந்தப் பிணைப்பின் உயிர் அந்த நம்பிக்கைதான்.

அது கைகூடாத இரவும் உண்டு. 1987 ஒக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், அப்போது இலங்கையில் இருந்த இந்தியப் படையின் எம்ஐ-8 ஹெலிகள் படையினரை இறக்கின. விடுதலைப் புலிகளின் கடும் சூட்டில் ஹெலிகள் சேதமுற்றதால் அடுத்த அணிகள் வரவில்லை. இறங்கிய சீக்கியக் காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். ஆனால் 1990 ஜூலையில், புலிகளின் முற்றுகையிலிருந்த யாழ் கோட்டைக்குள்ளேயே ஹெலி இறங்கிக் காயப்பட்டோரை ஏற்றிச் சென்றது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் தாக்கப்பட்டபோது, அலம்பில் பக்கம் ஹெலியில் இறங்கிய சிறப்புப் படைக்குத் தலைமை தாங்கிய முஸ்லிம் அதிகாரி பஸ்லி லாபிர் அந்தச் சமரிலேயே உயிரிழந்தார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம வீர விபூஷணய அவருக்கு வழங்கப்பட்டது.

கீழே நின்ற மக்களை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையன்று. 1990 ஜூனில் கல்முனைப் பொலிஸ் நிலையம் புலிகளிடம் வீழ்ந்தது. சரணடைந்த பொலிஸார் கிழக்கெங்கும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். இராணுவம் ஊரை மீளப் பிடித்தபோது தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. சிப்பாய்க்கு உயிர் தந்த ஹெலியின் அதே இரைச்சல் இந்த மக்களுக்குப் பதுங்கச் சொல்லும் ஒலி.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் இறந்தோர் 10,000க்கு மேல். அப்போது இந்தக் கரைக்கு வந்த ஹெலிகளில் நிவாரணப் பொருட்கள் இருந்தன.